நர்சம்மாவின் மூன்று நாள்

நான் சொன்ன பொய் ஒரே ஒரு சொல். "ஆமாங்க."

சபைக் கமிட்டி கூடியிருந்தது. போதகர் என்னைப் பார்த்து, "மலையில கூடற அந்தக் கூட்டத்தாரோட அவங்க உக்காந்திருந்தத நீங்க கண்ணால பாத்தீங்களா சார்?" என்று கேட்டார். நான் பார்க்கவில்லை. கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் வெள்ளிமலைப் பேருந்தில் அந்த அம்மாள் ஏறியதைத்தான் பார்த்திருந்தேன். ஏழு பேர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கல்லூரியில் முப்பது வருடம் வரலாறு நடத்தியவன் நான். ஆதாரம் இல்லாமல் எழுதாதே என்று எத்தனையோ விடைத்தாள்களில் சிவப்பு மையால் எழுதியிருக்கிறேன். அன்றைக்கு "ஆமாங்க" என்றேன்.

ஞாயிறு ஆராதனையில் பதினோரு வருடமாக அந்த அம்மாள் வாசித்துவந்த பழைய ஏற்பாட்டுப் பாடம் அந்தச் சொல்லோடு அவரைவிட்டுப் போயிற்று. பிறகு திருப்பிக் கொடுத்தோம். அப்போது அவரால் வாசிக்க முடியவில்லை.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. கல்வராயன் மலையில் சுகாதார நிலையத்தில் நர்சாக இருபத்தைந்து வருடம் வேலை பார்த்தவர். மலைக்காரர்கள் நர்சம்மா என்பார்கள். ஓய்வுபெற்றுக் கள்ளக்குறிச்சிக்கு வந்தபிறகு நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். தனி ஆள். மணலூர்பேட்டையில் ஒரு தங்கை.

எதையும் நம்பமாட்டார். காய்கறிக் கடையில் கொசுறாகக் கறிவேப்பிலை கொடுத்தால் இலையைத் திருப்பி அடிப்பக்கம் பார்ப்பார். மருந்துக் கம்பெனிக்காரர்கள் சுகாதார நிலையத்துக்கு மாதிரி மாத்திரைகள் கொண்டுவந்து கொடுப்பார்களாம். மற்ற நர்சுகள் நன்றி சொல்லி வாங்கி வைப்பார்கள். இவர் அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்துப் பொடி எழுத்தை முழுக்கப் படித்துவிட்டு, கொண்டுவந்தவரை நிமிர்ந்து பார்த்து, "இதுல உனுக்கு இன்னா வேணும்?" என்று கேட்பார். அவர் பதில் சொல்லும்வரை பெட்டியைத் தொடமாட்டார். "முன்பக்கம் கம்பெனிக்காரன் பேசறான் சார், பின்பக்கம்தான் மாத்திரை பேசுது" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார்.

இந்தக் குணத்தால் நான் மூன்று தடவை அடிபட்டேன். ஞாயிறு பாடங்களின் சீட்டை எழுதிக் கொடுப்பது செயலாளரான என் வேலை. மற்றவர்கள் சீட்டில் போட்டதைப் படித்துவிட்டு இறங்குவார்கள். நர்சம்மா முந்தின நாளே சபையின் பாட அட்டவணையோடு ஒத்துப் பார்த்துவிட்டு வருவார். ஒருமுறை வாசிக்கும் மேடையில் நின்றுகொண்டு, சபையே கேட்க, "ஐயா, சார் எழுதிக் குடுத்த அதிகாரம் போன வாரத்துது. நான் சரியானதப் படிக்கறேன்" என்றார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மூன்றாவது தடவைக்குப் பிறகு, சனிக்கிழமை சாயங்காலம் சீட்டு எழுதும்போது அவர் முகம்தான் எனக்கு முன்னால் நிற்கும்.

நாலாவது அடி வாட்ஸாப்பில் விழுந்தது. எங்கள் சபைக் குழுவில் ஓர் இலவச வேதாகமச் செயலியின் இணைப்பை நான் அனுப்பியிருந்தேன். விளக்கவுரை, ஒலி வாசிப்பு, வரைபடம் எல்லாம் உண்டு, அனைவரும் பயன்பெறுக என்று எழுதியிருந்தேன். ஐம்பது பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். அவற்றுக்கு நடுவே நர்சம்மாவின் செய்தி வந்தது: "சார், இதை யார் செய்தது? கைப்பேசியில் உள்ள எல்லோருடைய எண்ணையும் ஏன் கேட்கிறது? நான் இருக்கும் இடம் இதற்கு எதற்கு? நீங்கள் திறந்து பார்த்தீர்களா?"

நான் திறந்து பார்க்கவில்லை. யாரோ எனக்கு அனுப்பியதை அப்படியே தள்ளிவிட்டிருந்தேன். பதில் போடாமல் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன். அதற்குப் பிறகுதான் நான் அவரைக் கவனிக்கத் தொடங்கினேன். சந்தேகப்படுகிறவரைச் சந்தேகப்படுவது எனக்குச் சுகமாக இருந்தது.

புதன்கிழமை தவறாமல் மலைக்குப் போகிறார். தோளில் ஒரு துணிப்பை, அதில் கனமாக ஏதோ. காலையில் போய்ச் சாயங்காலம் வருகிறார். வேலையை விட்டுப் பன்னிரண்டு வருடமான பிறகு மலையில் இவருக்கு என்ன வேலை? எங்கள் சபை கள்ளப் போதகம் என்று ஒதுக்கிவைத்த ஒரு கூட்டம் மலையில் ஒரு வீட்டில் கூடுகிறது என்று அப்போது பேச்சு அடிபட்டது. நான் இரண்டையும் முடிச்சுப் போட்டேன்.

தவக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, பெண்கள் வேதபாடம் முடிந்து எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். கணக்கு நோட்டை எடுக்கப் போன என்னிடம் நர்சம்மா தன் கைப்பேசியை நீட்டினார். "சார், நீங்க படிச்சவரு. இந்த அடிக்குறிப்பு இன்னா சொல்லுதுன்னு பாருங்க. எனக்கு எழுத்து கலங்குது."

பார்த்தேன். குறிப்பை அல்ல, திரையின் மேல் மூலையில் இருந்த சின்னத்தைப் பார்த்தேன். அது அந்தக் கூட்டத்தாரின் செயலி. பின்னால் போனால் இன்னும் ஏழெட்டு வேதாகமச் செயலிகள் வரிசையாக இருந்தன. "எனக்கும் கண்ணாடி இல்லீங்க நர்சம்மா" என்று திருப்பிக் கொடுத்தேன். கண்ணாடி என் சட்டைப் பையில் இருந்தது. அவர் அந்தப் பையை ஒரு நொடி பார்த்துவிட்டு, "சரிங்க சார்" என்றார்.

வெள்ளிக்கிழமை கமிட்டி. சின்னத்தைச் சொன்னேன், பேருந்தைச் சொன்னேன். போதகர் நிதானமானவர், அதனால்தான் கண்ணால் பார்த்தீர்களா என்று கேட்டார். நான் சொன்னதை முதலிலேயே எழுதிவிட்டேன்.

முடிவை அவருக்குத் தெரிவிக்கும் வேலையும் செயலாளருடையதுதான். அவர் வீட்டு வாசலில் நின்றபடியே சொன்னேன். பாடம் வாசிக்கும் பொறுப்பு சில காலம் வேறொருவருக்கு, கமிட்டி முடிவு என்றேன்.

"கமிட்டிக்குக் கண்ணு கெடையாது சார். யாரோ ஒருத்தரு இன்னாவோ பாத்திருக்கணும். யாரு?"

"அதெல்லாம் வெளியில சொல்றதில்லீங்க."

"எத்தினி நாளைக்கி?"

"சில காலம்."

"சில காலம்னா எனக்குக் கணக்கு வேணும் சார்" என்றார். குரலில் ஏதோ ஒரு அவசரம் இருந்தது. அப்போது எனக்கு அது வீம்பாகப் பட்டது.

அடுத்த ஞாயிறு அந்தப் பாடத்தை நானே வாசித்தேன். நர்சம்மா மூன்றாவது வரிசையில் வழக்கமான இடத்தில் இருந்தார். மடியில் வேதாகமம், கையில் ஒரு பெரிய உருப்பெருக்கிக் கண்ணாடி. நான் வாசிக்க வாசிக்க அவர் கண்ணாடி வரிமேல் நகர்ந்துகொண்டே வந்தது. ஓர் ஊர்ப் பெயரை நான் தப்பாகச் சொன்னேன். கண்ணாடி நின்றது. முன்போல எழுந்து திருத்தியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும், கோபம் எவ்வளவோ மேல்.

பொய் சொன்னவனுக்கு ஒரு வியாதி உண்டு. சொன்னதை உண்மையாக்கிவிட ஆசைப்படுவான். அந்தப் புதன்கிழமை நானும் வெள்ளிமலைப் பேருந்தில் ஏறினேன். அவர் முன்னால், நான் பின்னால், நடுவில் நெரிசல். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து, வளைவு வளைவாக ஏறி, வெள்ளிமலைக்கும் அப்பால் ஒரு சிற்றூர் விலக்கில் அவர் இறங்கினார். நான் அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தேன். அந்தக் கூட்டத்தின் வீட்டைப் பார்த்துவிட்டால் போதும், நான் சொன்னது பொய்யில்லை என்று ஆகிவிடும். அப்படித்தான் நினைத்துக்கொண்டு நடந்தேன்.

வீடு எதுவும் இல்லை. சாலையோரம் ஒரு சிறுபாலத்தின் கட்டையில், பலா மரத்து நிழலில், நர்சம்மா தனியாக உட்கார்ந்திருந்தார். மடியில் வேதாகமம் விரிந்திருந்தது. கைப்பேசியிலிருந்து ஓர் ஆண் குரல் வசனம் படித்துக்கொண்டிருந்தது. அவர் உருப்பெருக்கியை வைத்து ஒவ்வொரு சொல்லாக விரலால் தொட்டுக்கொண்டு போனார். திடீரென்று நிறுத்தி, பின்னுக்குத் தள்ளி, மறுபடி கேட்டு, ஒரு நோட்டில் ஏதோ குறித்தார். பக்கத்துச் சாமைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த அம்மாள் என்னைப் பார்த்துச் சத்தமாக, "வாங்க, நீங்களாச்சும் சொல்லுங்க! எங்க நர்சம்மா வாராவாரம் வந்து இந்தப் பொட்டியோட சண்டை போட்டுக்கினு இருக்குது. என் நாலு புள்ளையும் அது கையிலதான் பொறந்துச்சு, அதுங்ககூட இவ்ளோ திட்டு வாங்கல" என்றார்.

நர்சம்மா தலையைத் திருப்பினார். நேராக என்னைப் பார்க்காமல், தலையை இப்படியும் அப்படியும் அசைத்து என்னைத் தேடிப் பிடித்தார்.

"யாரு, சாரா? நீங்களும் சிக்னல் இல்லாத எடம் தேடிக்கினு வந்தீங்களா?"

உறவினர் வீட்டு விசேஷம் என்று உளறினேன்.

"உக்காருங்க" என்றார். பிறகு அவராகவே சொன்னார். கண் அழுத்த நோய். சுற்றிலும் இருட்டிக்கொண்டு வருகிறது. நடுவில் சாவித் துவாரம்போல ஒரு வட்டம் பாக்கி. மருத்துவர் ஒரு வருடம் என்கிறார், கம்மியாகவும் இருக்கலாம்.

"அப்பறம் எனக்கு இதுதான் படிச்சுக் காட்டணும் சார். கண்ணு போன பொறவு இது எதப் படிச்சாலும் அதுதான் வசனம். ஒரு வரிய முழுங்கினாலும் எனக்குத் தெரியாது, நானும் ஆமென்னு சொல்லிக்கினு உக்காந்திருப்பேன். அதனால கண்ணு இருக்கும்போதே சோதிச்சு ஒண்ணப் புடிச்சு வெச்சுக்கணும்."

"இதுக்கு மலைக்கு வரணுமா?"

"நெட் இல்லாம தொறக்குதா, எவனுக்கும் சேதி சொல்லாம படிக்குதான்னு பாக்கணுமில்ல?"

"கைப்பேசியில ஃப்ளைட் மோடுன்னு ஒண்ணு இருக்குங்க. வூட்லயே பாக்கலாம்."

"அந்தப் பட்டனும் அவன் குடுத்ததுதானே சார்?" என்றார். களை எடுத்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தார். நர்சம்மா சிரிக்கவில்லை. "இந்த மலை எவனும் குடுத்தது இல்ல" என்றார்.

ஒவ்வொரு செயலிக்கும் அவர் மூன்று நாள் கொடுப்பார். திங்கள், யார் செய்தது, என்னென்ன கேட்கிறது என்று பொடி எழுத்து முழுக்கப் படிப்பது. செவ்வாய், அச்சு வேதாகமத்தோடு ஒத்துப்பார்ப்பது. முதலில் புதிய ஏற்பாட்டின் தொடக்கத்தில் வரும் வம்ச வரிசையைத்தான் வைப்பார். "பேரு வரிசையில எவனும் கவனிக்கமாட்டான்னு முழுங்கறவன் எல்லா எடத்திலயும் முழுங்குவான்." பின்னணியில் இசை போட்டால் அங்கேயே தள்ளுபடி. புதன், மலை. மூன்றாம் நாள் சாயங்காலம் வைப்பதா நீக்குவதா என்று முடிவு. அதற்கு முன்னால் நல்லது என்றும் சொல்லமாட்டார், கெட்டது என்றும் சொல்லமாட்டார்.

"அன்னிக்கி உங்ககிட்ட ஒண்ணு காட்டினேனே, அடிக்குறிப்பு?" என்றார். "அது செவ்வாக்கெழம. அந்தக் குறிப்பு எனக்கே இடிச்சுது, அதான் கேட்டேன். புதன்கெழம அத நீக்கிட்டேன்."

அப்படியென்றால் வெள்ளிக்கிழமை நான் கமிட்டியில் பேசியபோது அது அவர் கைப்பேசியிலேயே இல்லை. நான் பார்த்தது இரண்டாம் நாள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். பலா மரத்தடியில் மூவரைத் தவிர யாருமில்லை. அவரே வழி திறந்துவிட்டார் என்றுதான் இன்று தோன்றுகிறது. "பஸ் ஸ்டாண்டுல உங்கள பல தடவ பாத்திருக்கேன் சார். தூண் பக்கத்துல நிப்பீங்க" என்றார். நான் சாமைக் கொல்லையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலப் பேருந்தில் ஒன்றாகத்தான் இறங்கி வந்தோம். இரண்டு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் வாய் திறக்கவில்லை.

அடுத்த கமிட்டியில் சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு அறுப்புப் பண்டிகை முடியட்டும் என்றேன். பிறகு போதகருக்கு உடம்பு சரியில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அந்தப் பாடத்தை நான் வாசித்தேன். ஒவ்வொரு ஞாயிறும் மூன்றாவது வரிசையில் உருப்பெருக்கி பக்கத்துக்கு இன்னும் நெருக்கமாக இறங்கியது. கிறிஸ்துமசுக்கு முந்திய மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வேதாகமத்தைத் திறக்கவே இல்லை. மூடிய புத்தகத்தின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, நான் வாசித்ததைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு ஆராதனை முடிவில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பார்க்காததைப் பார்த்ததாகச் சொன்னேன் என்றேன். கண்ணாடி பையில் இருந்ததையும் சொன்னேன். வெளியே வந்ததும் மூன்று நான்கு பேர் என் கையைப் பிடித்து, "வுடுங்க சார், சபை நல்லதுக்குத்தானே செஞ்சீங்க" என்றார்கள். அந்த ஆறுதல் எனக்கு அருவருப்பாக இருந்தது. அதில் கொஞ்சம் குளிர்காய்ந்தேன் என்பதையும் மறைக்கவில்லை.

போதகர் பாடத்தை நர்சம்மாவுக்கே திருப்பிக் கொடுப்பதாக அறிவித்தார். அதைச் சொல்ல நான் அவர் வீட்டுக்குப் போனேன். வாசலிலிருந்தே மன்னிப்பும் கேட்டேன்.

"இப்ப குடுத்தா நான் எப்பிடி சார் படிக்கறது?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பிறகு, மருந்துக் கம்பெனிக்காரரிடம் கேட்பதுபோல முகத்தை நிமிர்த்தினார். "மன்னிப்பு கேக்கறீங்க. இதுல உங்களுக்கு இன்னா வேணும்?"

தூக்கம் வேண்டும் என்பதுதான் உண்மை. அதைச் சொல்லக் கூசிற்று.

பதினோரு செயலிகளில் ஒன்றே ஒன்று அவருடைய மூன்று நாளையும் தாண்டியிருந்தது. இசை இல்லாத தட்டையான குரல். பெயர் கேட்காது, ஊர் கேட்காது, மலையிலும் திறந்தது. ஆனால் கண் போனபிறகு அதில் ஒரு புதுப்பிப்பு தானாக இறங்கிவிட்டது. குரல் கொஞ்சம் மாறியதுபோல அவருக்குப் பட்டது. உள்ளே வேறென்ன மாற்றினார்களோ என்ற பயம். அச்சுப் புத்தகத்தோடு ஒத்துப் பார்க்க யாரும் இல்லை.

"நான் பாத்துச் சொல்றேங்க" என்றேன்.

"புதன்கெழம வாங்க" என்றார்.

போனேன். அவருடைய வேதாகமத்தையே என் மடியில் வைத்தார். செயலி ஒரு நீண்ட அதிகாரத்தைப் படிக்க, நான் விரலை வரிமேல் நகர்த்தினேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகான நேரம். தட்டைக் குரல். நடுவில் எங்கோ என் விரல் மட்டும் போய்க்கொண்டிருந்தது, நான் இல்லை. அதிகாரம் முடிந்தது.

"நடுவுல ஒரு எடத்துல ஒரு வார்த்தைய முழுங்கிடுச்சு, பாத்தீங்களா சார்?" என்றார்.

"ஆமாங்க" என்றேன்.

"எந்த எடம்?"

பக்கத்தை முன்னும் பின்னும் புரட்டினேன்.

"முழுங்கவே இல்ல சார். இந்த அதிகாரம் எனக்கு மனப்பாடம்." கையை நீட்டினார். புத்தகத்தைக் கொடுத்தேன். "போயிட்டு அடுத்த வாரம் வாங்க."

கமிட்டியில் சொன்ன அதே சொல். அதே காரணம். எதிரே இருப்பவர் எதை எதிர்பார்க்கிறாரோ அதைக் கொடுத்துவிட்டு நல்லவனாக இருந்துகொள்வது. எழுபத்திரண்டு வயதில், கச்சிராயபாளையம் சாலையில் நடந்துபோகும்போது, என்னைப் பற்றி இது எனக்குத் தெரிந்தது.

அடுத்த புதன். வேறொரு அதிகாரம். இந்த முறை பேனா முனையை வரியில் ஊன்றிக்கொண்டு பார்த்தேன். முடிந்ததும் அதே கேள்வி கேட்டார். "கடைசிப் பக்கம் தப்பு வந்துச்சே, பாத்தீங்களா?"

"இல்லீங்க. எனக்குத் தெரிஞ்சு தப்பு ஒண்ணும் வரல. ஆனா பாதியில ரெண்டு வசனம் எம் மனசு எங்கேயோ போயிடுச்சு. அந்த ரெண்டையும் நான் பாக்கல."

அவர் கைப்பேசியைத் தடவிப் பின்னுக்குத் தள்ளினார். "அந்த ரெண்டயும் திரும்பப் பாருங்க" என்றார். பார்த்தேன். சரியாக இருந்தது. சொன்னேன். கிளம்பும்போது கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, "இது மொத நாளு" என்றார். போன வாரத்தை அவர் கணக்கிலேயே சேர்க்கவில்லை என்று புரிந்தது.

இரண்டாம் புதனும் அப்படியே முடிந்தது. அன்று வம்ச வரிசை. நாற்பதுக்கு மேற்பட்ட பெயர்கள், ஒன்றுவிடாமல் விரல் வைத்துப் பார்த்தேன். செயலி முழுங்கவில்லை, நானும் முழுங்கவில்லை. நர்சம்மா எனக்குத் தேநீர் கொடுத்தார். அதை அவர் தடவித் தடவிப் போட்டார். நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை.

மூன்றாம் புதன் போனபோது வீடு பூட்டியிருந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, தங்கை வந்து மணலூர்பேட்டைக்கு அழைத்துப் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். உடனே போகவில்லை. கொஞ்சம் தேறட்டும் என்று நினைத்தேன். தள்ளிப்போடுவதற்கு எனக்கு எப்போதும் ஒரு காரணம் கிடைக்கும். அடுத்த செய்தி அடக்கத்துக்கு வரச் சொல்லி வந்தது.

அடக்கம் முடிந்து, பெண்ணை ஆற்றுப் பக்கத்துக் கல்லறையிலிருந்து எல்லோரும் வீட்டுக்குத் திரும்பினோம். தங்கை என்னைத் தேடி வந்தார். கையில் அந்தக் கைப்பேசி.

"நீங்கதான் அந்த வாத்தியாரு சாரா? படுத்துக்கினே இதத்தான் கேட்டுக்கினு இருந்துச்சு அக்கா. நான் பக்கத்துல உக்காந்து புக்கப் பாத்துச் சொல்லட்டுமான்னு கேட்டேன். வேணாம், ஒருத்தரு பாத்துக்கினு இருக்காருன்னு சொல்லிச்சு."

"என்னப் பத்தி வேற ஏதாச்சும் சொன்னாங்களா?"

நான் எதை எதிர்பார்க்கிறேன் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் என்னைப்போல அல்ல. இருந்ததை மட்டும் சொன்னார்.

"ரெண்டு நாள் ஆயிருக்குதுன்னு சொல்லிச்சுங்க. வேற ஒண்ணும் சொல்லல."